டைம்ஸுக்குப் பதில் எது? சார்ட்டரும் ழ-வின் அடிக்கோடும்

11.6.2024, கேள்வி

தமிழ்ப் புத்தகம் ஒன்றைப் பக்கம் கட்டுகிறேன். பக்கத்துக்கு நாலைந்து இடத்தில் ஆங்கிலச் சொல் வருகிறது. தமிழ்ச் சொற்களே ரோமன் எழுத்திலும் வருகின்றன. எல்லோரும் டைம்ஸ் நியூ ரோமனைப் போட்டு முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. செரிஃப் வேண்டும், ஆனால் டைம்ஸ் வேண்டாம். என்ன வைக்கலாம்?

11.6.2024, இரவு 10.15

சார்ட்டர் என்ற எழுத்துருவை வையுங்கள். வேறு யோசிக்க வேண்டாம்.

12.6.2024, காலை 6.50

ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்த அலுப்பில் ஒரே வரியில் பதில் போட்டுவிட்டேன். காரணம் சொல்லாமல் போனால் அது பதில் இல்லை.

பாளையங்கோட்டையில் 1994-லிருந்து டிடிபி வேலை (கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவது) பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக், வருஷத்துக்கு இரண்டு மூன்று புத்தகம். சோறு போடுவது நோட்டீஸ், ஆசை மட்டும் புத்தகத்தின் மேல்.

செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடிகிற இடத்தில் இருக்கும் சின்னப் பாதம். டைம்ஸில் அந்தப் பாதம் போகப் போக மெலிந்து ஊசியாக முடியும். சார்ட்டரில் அப்படி இல்லை. கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்த மாதிரி சதுரமாகக் கனத்து உட்கார்ந்திருக்கும். சின்ன எழுத்துகளுக்கு உடம்பு பெரிது, அதனால் 9 பாயின்ட்டில் போட்டாலும் கண்ணுக்கு 10 போலத் தெரியும். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் குறைவு. வரியில் கண்டபடி இடத்தை அடைக்காது. சாய்வெழுத்தும் அடக்கமானது, கல்யாண வீட்டில் ஓரமாக நின்று வேலை பார்க்கிற மருமகன் மாதிரி.

மேத்யூ கார்ட்டர் என்ற எழுத்து வடிவமைப்பாளர் 1987-ல் பிட்ஸ்ட்ரீம் என்ற எழுத்துருக் கம்பெனிக்காக வரைந்தது. அப்போதைய லேசர் பிரின்டர் அங்குலத்துக்கு 300 புள்ளிதான் அடிக்கும். அந்த மிஷினிலும் கெட்டுப்போகாத புத்தக எழுத்து வேண்டும் என்று போட்ட வேலை. 300 புள்ளி பிரின்டரை வைத்துக் குடும்பம் நடத்தியவன் நான், எனக்கு இந்த எழுத்து சொந்தக்காரன் மாதிரி.

இன்னொரு காரணம். தமிழ் எழுத்து வட்டம் வட்டமாகச் சுழியும். பக்கத்தில் நேர்கோடும் சதுரப் பாதமுமாக ஒன்று நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகத் தெரியும்.

12.6.2024, மதியம் 2.05

விலை கேட்டிருக்கிறீர்கள். காசு வேண்டாம். 1992-ல் பிட்ஸ்ட்ரீம் இதன் நாலு வடிவங்களை (சாதா, சாய்வு, தடிப்பு, தடித்த சாய்வு) எக்ஸ் கன்சார்டியம் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் அமைப்புக்கு இலவசமாகக் கொடுத்தது, மாற்றிக்கொள்ளவும் அனுமதியோடு. அதை அடிப்படையாக வைத்துத்தான் எஸ்ஐஎல் என்ற மொழியாய்வு அமைப்பு ‘காரிஸ்’ என்ற எழுத்துருவைச் செய்தது. ரோமனில் தமிழ்ச் சொல் எழுதுகிறவர்களுக்குக் காரிஸ்தான் தேவை, ஏனென்றால் அடிக்கோடு, மேல்கோடு, அடிப்புள்ளி போட்ட எழுத்தெல்லாம் அதில் உள்ளேயே இருக்கிறது. மேக் வைத்திருந்தால் சார்ட்டர் கூடவே வருகிறது, தேட வேண்டாம்.

13.6.2024, இரவு 11.20

அடிக்கோடு என்று எழுதியதும் பழைய காயம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

1998. ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதியோடு வந்தார். 160 பக்கம், 500 பிரதி, சொந்தக் காசு. மானூர்க் கல்வெட்டு முதல் பல கல்வெட்டு வரிகளைத் தமிழில் ஒரு தடவை, ரோமன் எழுத்தில் ஒரு தடவை கொடுத்திருந்தார். ரோமனுக்கு அவர் எடுத்துக்கொண்டது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை, அதாவது 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதியாக வந்த பேரகராதியின் முறை. அதில் ல என்றால் வெறும் எல். ள என்றால் எல்லுக்கு அடியில் ஒரு புள்ளி. ழ என்றால் எல்லுக்கு அடியில் ஒரு கோடு. ஒற்றை எழுத்துக்கு அடியில் கிடக்கிற அந்தத் துரும்பில்தான் மூன்றும் பிரிகின்றன.

நான் அப்போது ரசனைக்காரன். டைம்ஸ் எல்லோரும் போடுவது, நாம் வேறு போடுவோம் என்று ஒரு சிடியில் இருந்த பாஸ்கர்வில்லைத் தேர்ந்தெடுத்தேன். அழகான எழுத்துதான், அதில் சந்தேகம் இல்லை. தடித்த கோடு நன்றாகத் தடித்து, மெல்லிய கோடு மயிரிழையாக ஓடும். திரையில் பார்த்து நானே மயங்கிப்போனேன். என் பிரின்டரில் டிரேசிங் பேப்பர் எடுத்து, பிளேட் போடவும் அடிக்கவும் வெளியே ஓர் அச்சகத்துக்குக் கொடுத்தேன். மினி ஆஃப்செட் மிஷின், 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது மெல்லிய சாதாரணக் காகிதம்.

புத்தகம் வந்தது. சார் முதல் பக்கத்தைத் திறந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ரோமன் வரியில் தமிழ் என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது. ஓர் இடத்தில் கோடு முழுசாக இருந்தது. இன்னோர் இடத்தில் கோட்டின் இரண்டு முனையும் தேய்ந்து நடுவில் துளி மட்டும் நின்றது, அதாவது புள்ளி. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

“ஏ தம்பி, ஊர்ப் பிள்ளைய வாயில தமிழ் தமிள் ஆவுது, தமில் ஆவுது. நீங்க அதை அச்சிலயே ஏத்திட்டிய.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது.

பிராயச்சித்தமாக ஒரு பிழை திருத்தத் தாள் இலவசமாக அடித்துக் கொடுத்தேன். அதே எழுத்து, அதே பிரின்டர், அதே டிரேசிங். ‘இவ்வாறு திருத்தி வாசிக்கவும்’ என்று போட்ட இடத்திலும் பாதிக் கோடு விழவில்லை. பிழையும் திருத்தமும் ஒரே மாதிரி அச்சாகியிருந்தன.

14.6.2024, காலை 7.30

எப்படி அவ்வளவு மோசமாகும் என்று கேட்டவருக்குக் கணக்கு. பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. 10 பாயின்ட் எழுத்தை 300 புள்ளி மிஷினில் அடித்தால் மொத்த உயரமே 41, 42 புள்ளி. அதில் மேலே நீள்கிறது, கீழே தொங்குகிறது என்று கழித்தால் சின்ன எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய இருபது புள்ளி. தடித்த கோட்டுக்கு மூன்று நாலு கிடைக்கும். மயிரிழைக் கோட்டுக்கு ஒன்று தேறினால் பெரிய விஷயம். அந்த ஒற்றைப் புள்ளி வரிசை டிரேசிங்கில் கொஞ்சம் தேயும், பிளேட்டில் கொஞ்சம், காகிதத்தில் கொஞ்சம். மூன்று வீடு தாண்டி வருவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. சார்ட்டரில் மெல்லிய இடமும் ஒரு புள்ளிக்கு மேல் கனமாக இருப்பதால் தேய்ந்த பிறகும் கொஞ்சம் நிற்கும்.

14.6.2024, இரவு 9.40

தமிழ் வட்டம், சார்ட்டர் நேர் என்று நான் சொன்னதற்கு ஒருவர் கேட்டிருக்கிறார்: க, ட, ப, ம எல்லாம் வட்டமா?

சரியான அடி. ட-வைவிட நேரான எழுத்து எந்த ஊரில் இருக்கிறது? ஓலையில் நேர்கோடு கிழிக்கும், அதனால்தான் தமிழ் வட்டமாயிற்று என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்ததால் யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஓலையில்தான் ட-வும் ப-வும் நூற்றாண்டுக் கணக்காக எழுதப்பட்டன. நிஜமாகவே வட்டமான எழுத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் பக்கத்து வட்டெழுத்தைப் பார்க்க வேண்டும். சாரின் புத்தகத்தில் வருகிற மானூர்க் கல்வெட்டு, மாறன் சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது, வட்டெழுத்துதான். ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், யார் கூடாது என்று விதி சொல்கிற கல்வெட்டு. பாண்டி நாட்டில் அந்த எழுத்துதான் புழங்கியது. சோழர் வந்த பிறகு இப்போதைய தமிழெழுத்து மேலே வந்தது. அதாவது நாம் இன்று எழுதுவது இரண்டில் நேர்கோடு கூடின எழுத்து.

ஆக என் இரண்டாவது காரணம் தள்ளுபடி. முதல் காரணம் நிற்கிறது.

15.6.2024, இரவு 10.50

இன்று டவுனுக்குப் போன இடத்தில் பழைய கம்பாசிட்டர் அண்ணாச்சி ஒருவரைப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். ஈய எழுத்துக் கோர்த்தே நாற்பது வருஷம் ஓட்டியவர். எழுத்துக் கோர்க்கிற ஸ்டிக்கை இடது கையில் பிடித்த பழக்கத்தில் இன்றும் இடது கட்டைவிரல் கொஞ்சம் வளைந்தே இருக்கும். செல்போனில் சார்ட்டர், பாஸ்கர்வில் இரண்டையும் பெரிதாக்கிக் காட்டி, எது நல்லது அண்ணாச்சி என்று கேட்டேன்.

“செல்லுல காட்டி என்னத்தக் கேக்கீரு? எந்தப் பேப்பரு, எந்த மிஷினு, அதைச் சொல்லும் முதல்ல.”

அப்புறம் ஒரு காபி நேரம் பேசினார். ஈய எழுத்து காகிதத்தில் அமுங்கும், அமுங்கும்போது மை ஓரத்தில் பிதுங்கும், அதனால் கோடு தானாகக் கொஞ்சம் தடிக்கும். அது தெரிந்துதான் எழுத்தை மெலிதாக வெட்டினார்கள். அந்த மெலிந்த வடிவத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தால் தடிக்க வைக்க ஆள் இல்லை. ஆஃப்செட்டில் அமுக்கமே கிடையாது.

பாஸ்கர்வில் எனக்கு ஏன் கைவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757-ல் வர்ஜில் கவிதைகளை அச்சிட்டபோது எழுத்து மட்டும் புதிதில்லை. வழவழப்பான காகிதம், நல்ல கருமை, அச்சிட்ட தாளைச் சூடான தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவது என்று எல்லாமே அந்த மயிரிழைக் கோட்டுக்காக அவர் செய்துகொண்ட ஏற்பாடு. நான் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் விட்டேன். பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நாற்று நடப் போன கதை.

16.6.2024, காலை 8.10

நேற்று எழுத விட்டுப்போனது, இதுதான் முக்கியம். தமிழில் செரிஃப் உண்டா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ர-வுக்குக் காலு இருக்குல்லா?” என்றார்.

பாதத்துக்காக ஓர் எழுத்தே நிற்கிறது என்றால் அது ர-தான். ஓலையிலும் பழைய அச்சிலும் ர-வும் துணைக்காலும் ஒரே உருவம், இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். பிறகு ர-வுக்குக் கீழே சாய்வாக ஒரு கால் கொடுத்துப் பிரித்தார்கள். ஆங்கிலத்தில் செரிஃப் போனால் அழகு போகும். தமிழில் இந்தக் கால் போனால் எழுத்தே போகும். 8 பாயின்ட்டில் பழைய பிரின்டரில் அடித்த நோட்டீஸ் ஒன்றைத் தேடி எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ‘பரமசிவன்’ என்ற பெயரில் ர-வின் சாய்வு இரண்டு புள்ளியாகக் குறுகி, ‘பாமசிவன்’ ஆகியிருந்தது. ஊர்க்காரர்களுக்குப் பரமசிவனைத் தெரியும் என்பதால் யாரும் வந்து கேட்கவில்லை.

அண்ணாச்சி சொன்ன இன்னொன்று: ர், ரி, ரீ மூன்றுக்கும் பழைய ஈயத்தில் சாய்வுக் கால் கிடையாது. மேலே புள்ளியோ விலங்கோ (இ, ஈ ஓசைக்குப் போடுகிற கொக்கி) இருக்கிறது, துணைக்காலுக்கு அதெல்லாம் வராது, அப்புறம் கால் எதற்கு? இப்போது வருகிற எழுத்துருக்கள் பலவற்றில் மூன்றுக்கும் கால் போட்டிருக்கிறார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘மாரியம்மன்’ என்று போடும்போது அந்த ரி கொஞ்சம் அகலமாகி வரியைத் தள்ளுகிறது. பழைய கண்ணுக்கு அது காலில் செருப்போடு கோயிலுக்குள் வந்த மாதிரி.

16.6.2024, மதியம் 1.00

டைம்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. லண்டன் செய்தித்தாள் ஒன்றின் ஒடுக்கமான பத்திக்காக ஸ்டான்லி மாரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் வரைந்து 1932-ல் வந்தது. ஒடுக்கத்துக்கு அது ராஜா. தமிழ்ச் சொற்கள் நீளம், வரியும் அகலம், அந்தச் சிக்கனத்துக்கு நம் பக்கத்தில் வேலை குறைவு. இரண்டு தடித்த தமிழ்ச் சொல்லுக்கு நடுவில் அது நோஞ்சானாகத் தெரியும், அவ்வளவுதான்.

18.6.2024, இரவு 11.45

ஒரு பெரிய திருத்தம். 13-ஆம் தேதி நான் சொன்ன கதையில் பழியைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன்.

இன்று பரணில் பழைய சிடி டப்பாவைக் குடைந்ததில் சாரின் புத்தகக் கோப்பு கிடைத்தது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டுகிற மென்பொருளின் கோப்பு. திறப்பதற்கே ஒரு பழைய கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டியிருந்தது. திறந்து பார்த்தால் அந்தப் பாஸ்கர்வில்லில் அடிக்கோடு போட்ட எல்லே கிடையாது! இருக்கவும் வாய்ப்பில்லை, அந்தக் காலத்துச் சாதாரண ஃபான்ட்டில் அவ்வளவு இடம் ஏது? ஒவ்வொரு எல்லுக்கு அடியிலும் நானே கோடு வரைகிற கருவியை எடுத்துத் துண்டு துண்டாக வரைந்திருக்கிறேன். 160 பக்கத்துக்கும். அந்தக் கோட்டுக்கு நான் தேர்ந்தெடுத்த கனம் ‘ஹேர்லைன்’. கால் பாயின்ட். 300 புள்ளி மிஷினில் அது சரியாக ஒரே ஒரு புள்ளி.

ஆக தமிழைத் தமில் ஆக்கியது பாஸ்கர்வில் இல்லை. நான்தான். அரை பாயின்ட் என்று வைத்திருந்தால் பாதிக்கு மேல் பிழைத்திருக்கும். மெல்லியதாக இருந்தால்தான் நாசூக்கு என்று நினைத்திருக்கிறேன்.

பாஸ்கர்வில்லின் மெல்லிய கோடுகளும் அங்கங்கே உடைந்திருக்கின்றன, அது பொய் இல்லை. ஆனால் ரோமன் ஓ எழுத்தின் மேல் வளைவு உடைந்தாலும் அதை ஓ என்றே வாசித்துவிடலாம். அடிக்கோடு அப்படி இல்லை. அதே மாதிரிதான் ற-வும் ன-வும்: ஆருக்கு அடியில் கோடு போனால் அறம் அரமாகிவிடும்.

இருபத்தாறு வருஷமாக ஓர் எழுத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

19.6.2024, காலை 6.30

‘அப்படியானால் சார்ட்டர் சிபாரிசு என்ன ஆயிற்று?’ நியாயமான கேள்வி. நேற்றே யோசித்தேன், தூக்கம் வரவில்லை.

முதலில் இன்னொரு திருத்தம். 300 புள்ளிக்காக வரைந்தது என்று 12-ஆம் தேதி எழுதினேன், அது சரி. ஆனால் முழுக் கதை அதைவிட ருசி. அன்று பிரின்டர்களுக்கு நினைவகம் குறைவு. வளைகோடு என்றால் அதிக விவரம் வைத்திருக்க வேண்டும். அதனால் கார்ட்டர் வளைவுகளைக் குறைத்து, முடிந்த இடமெல்லாம் நேர்கோட்டுத் துண்டாக வரைந்தார். சதுரப் பாதம் வந்ததற்கு அதுவும் காரணம். வரைந்து எடுத்துக்கொண்டு போனால், எஞ்சினியர்கள் அதற்குள் கோப்பைச் சுருக்குகிற வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பிரச்சினையே போய்விட்டது. இதை அவரே ஒரு மேடைப் பேச்சில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எழுத்து தன் காலில் நிற்கிறதே என்று அதை விடாமல் முடித்தார்.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஹாலந்தில் என்ஸ்கெடே அச்சகத்தில் எஃகு அச்சுக் குச்சியில் எழுத்து வெட்டப் பழகியவர் கார்ட்டர். அரம் பிடித்த கைதான் கம்ப்யூட்டரிலும் வரைந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸ்காரர் ஃபூர்னியேயின் சாயல் சார்ட்டரில் உண்டு. பாயின்ட் என்ற அளவை முதலில் அட்டவணை போட்டவரும் அதே ஃபூர்னியேதான், 1737-ல்.

எனக்கும் அதே கதைதான். இப்போது புத்தகத்துக்குப் பெரும்பாலும் டிரேசிங் எடுப்பதில்லை. கம்ப்யூட்டரிலிருந்து நேராக எடுக்கிற சிடிபி பிளேட் 2400 புள்ளியில் வருகிறது. பாஸ்கர்வில்லைப் போட்டாலும் கோடு நிற்கும். 12-ஆம் தேதி நான் சொன்ன இரண்டு காரணமும் காலி.

19.6.2024, இரவு 9.15

இருந்தாலும் சார்ட்டர்தான் என்கிறேன். காரணம் மட்டும் வேறு.

இன்று கடையில் சும்மா இருந்த நேரத்தில் ஒரே பத்தியை நாலு விதமாக அடித்துப் பார்த்தேன். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், 10.5 பாயின்ட், வரி இடைவெளி 15. (மேலே விலங்கு, கீழே கு, டு, சு என்று சுழிகிற எழுத்துக்கு இதற்குக் குறைத்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் தலையும் உரசும். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து 12.5 வைக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.) ரோமனுக்கு டைம்ஸ், பாஸ்கர்வில், ஜார்ஜியா, சார்ட்டர். நாலு தாளையும் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். டைம்ஸ் இருந்த இடமெல்லாம் சாம்பல் திட்டாகத் தெரிந்தது. பாஸ்கர்வில் இன்னும் வெளுத்திருந்தது. ஜார்ஜியா மற்றபடி பொருந்தியது, எண்கள்தான் ஏறி இறங்கின. சார்ட்டர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தேட வேண்டியிருந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அளவு: தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடு கிடையாது. தமிழ் எழுத்தின் உடம்பு ரோமன் சின்ன எழுத்தைவிட உயரம், பெரிய எழுத்தைவிடக் கொஞ்சம் குள்ளம். சார்ட்டரின் சின்ன எழுத்தே பெரிதாக இருப்பதால் அந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது. 10-ல் வைத்தேன், ஒட்டியது. முழுக்கப் பெரிய எழுத்தில் வரும் சுருக்கப் பெயர்களை மட்டும் 9-ஆகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிக்கு நடுவில் பனைமரம் முளைத்த மாதிரி நிற்கும்.

20.6.2024, காலை 7.00

ஜார்ஜியாவும் அதே கார்ட்டர்தான், மைக்ரோசாஃப்ட்டுக்காக வரைந்து 1996-ல் வந்தது. திரையில் படிக்க என்று செய்தது, அதில் 3, 4, 5, 7, 9 எல்லாம் வரிக்குக் கீழே தொங்கும். கட்டுரையில் 1881 என்று வரும்போது அழகு. போன வருஷம் ஒரு ஜவுளிக்கடை பில் புக்கில் அதைப் போட்டுவிட்டேன். கணக்குப்பிள்ளை கொண்டுவந்து மேசையில் போட்டு, “எண்ணெல்லாம் தண்ணியடிச்சிட்டு நிக்குதுய்யா” என்றார். மறுபடி அடித்துக் கொடுத்தேன், நஷ்டம் என்னுடையது. சார்ட்டரில் எண்கள் ஒரே உயரம்.

22.6.2024, இரவு 11.00

ஆனித் திருவிழா சமயம், கொடை நோட்டீஸ் வேலையும் சேர்ந்துகொண்டது. நாலு நாளாக 8 பாயின்ட்டில் வரிதாரர் பெயராகக் கோர்க்கிறேன். நோட்டீஸில் செரிஃபுக்கெல்லாம் இடமில்லை, சுடலைமாடன் படம் பெரிதாக இருக்க வேண்டும், நன்கொடையாளர் பெயர் விட்டுப்போகக் கூடாது. ர-வின் காலை மட்டும் இப்போது லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். உதவிக்கு இருக்கிற பையன் சிரிக்கிறான்.

பழைய கழகப் பதிப்புகளில் என்ன எழுத்து என்று கேட்டவருக்கு: 1920-ல் திருநெல்வேலியில் தொடங்கிய தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் பழைய புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஈய எழுத்து. 1978-க்கு முந்தியது, அதனால் லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். பக்கத்தைத் திருப்பி விரலால் தடவினால் பின்பக்கம் எழுத்து பொடிப்பொடியாகத் தட்டுப்படும். அண்ணாச்சி சொன்ன அமுக்கம் அதுதான்.

27.6.2024, இரவு 10.30

இதை எழுத ஆரம்பித்தபோது சொல்லவில்லை. சாரின் அந்தப் புத்தகத்தை மறுபதிப்புப் போடக் கேட்டு அவர் மகள் போன மாதம் வந்திருந்தார்கள். சார் போய் ஏழு வருஷம் ஆகிறது. அந்த யோசனையில் இருந்ததால்தான் 11-ஆம் தேதிக் கேள்விக்கு அவ்வளவு வேகமாகப் பதில் போட்டேன்.

காரிஸ் எஸ்ஐஎல், 10 பாயின்ட் என்று முடிவாகிவிட்டது. அடிக்கோடு எழுத்தோடு சேர்ந்தே இருக்கிறது, நான் வரைய வேண்டியதில்லை. இன்று முதல் புரூஃப் கொடுத்தேன். மாதிரிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “ஆங்கிலம் கொஞ்சம் கறுப்பா இல்ல அண்ணே?” என்று கேட்டார்கள். தமிழைவிடக் கறுப்பா என்று கேட்டேன். திரும்பப் பார்த்தார்கள். இல்லை என்றார்கள்.

பையிலிருந்து அப்பாவின் சொந்தப் பிரதியை எடுத்து வைத்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று. நான் அடித்த பிழை திருத்தத் தாள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதை அவர் பயன்படுத்தவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எல்லுக்கு அடியிலும், ஆருக்கு அடியிலும், என்னுக்கு அடியிலும் விழாமல் போன கோட்டைச் சிவப்பு மைக்ரோ டிப் பேனாவால் அளவு வைத்து வரைந்திருக்கிறார். புள்ளியாகச் சுருங்கியதையும் இரண்டு பக்கமும் இழுத்துக் கோடாக்கியிருக்கிறார். 43-ஆம் பக்கம் நாலாவது வரி வரைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு சிவப்பு இல்லை.

43 வரை அந்தப் பிரதியை வைத்து ஒப்பிட்டாயிற்று. 44-லிருந்து நாங்களேதான் பார்க்க வேண்டும். நாளைக் காலையில் உட்காருகிறோம்.